வீட்டிலேயே மாண்டிசோரி கணக்கு: குறைந்த செலவில் தொடங்கும் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம், அவிநாசி, பவானி என்று எந்தப் பக்கம் போய்ச் சின்னப் பிள்ளைகள் சாமானைக் கையில் எடுத்துத் தாங்களே செய்து கற்கும் மாண்டிசோரிக் கணக்கைப் பற்றிப் பேசினாலும், கூட்டம் கலைந்த பிறகு என்னை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். விடைகளில் எனக்கு ஒரே பிடிவாதம் உண்டு. சாமான் மலிவாக இருக்கலாம், அளவு தப்பாக இருக்கக் கூடாது.

ஏனுங்க, மாண்டிசோரின்னா வசதியானவங்க புள்ளைங்களுக்குத்தானுங்களே? நமக்கு அது ஒத்து வருமுங்களா?

அது தொடங்கிய இடமே தொழிலாளர் குடியிருப்பு. மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய மருத்துவர் 1907 ஜனவரி 6-ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் குழந்தைகள் இல்லம் என்ற தன் முதல் பள்ளியைத் திறந்தார். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பகலெல்லாம் கேட்பாரற்றுத் திரிந்த குழந்தைகள்தான் அங்கே வந்தவர்கள். சாயப்பட்டறைக்கும் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போகிற நம் வீடுகளின் நிலைமை அதிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை.

1939-இல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் போக, கொடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி, மலையில் கிடைத்த குழந்தைகளோடு வேலையைத் தொடர்ந்தார். ஆகவே இது நம் மண்ணுக்கு அந்நியமான முறையும் இல்லை. விலை ஏறியது பிற்பாடு, சாமான்கள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்தபோதுதான்.

எந்த வயசுல ஆரம்பிக்கிறதுங்க? பையனுக்கு ரெண்டரை ஆகுது, ஒண்ணு ரெண்டு சொல்றான்.

ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் சொல்வது பாட்டுச் சொல்வதற்குச் சமம். வாய் சொல்லும்போது கை ஒவ்வொரு பொருளாகத் தொட்டு நகர்ந்தால்தான் அது எண்ணுதல். இரண்டரை வயதில் எண்ணுக்கு அவசரப்பட வேண்டாம். சாப்பிட உட்காரும்போது ஆளுக்கொரு தட்டு வைக்கட்டும். பாத்திரங்களைப் பெரிசு சிறிசாக அடுக்கட்டும். துவைத்த துணியில் சாக்ஸை ஜோடி சேர்க்கட்டும். சொம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் ஊற்றட்டும். ஒப்பிடுவதும், வரிசைப்படுத்துவதும், ஒன்றுக்கு ஒன்று பொருத்துவதும் கைக்கு வந்த பிறகு, நான்கு வயதை ஒட்டி, எண்ணை நீளமாகக் காட்டும் எண் கோல்களை எடுக்கலாம். மூன்றரையில் தயாராகும் பிள்ளையும் உண்டு, நாலரையில் தயாராகும் பிள்ளையும் உண்டு.

மொதல்ல என்னென்ன சாமான் வேணும்? ஒரு லிஸ்ட் குடுத்தா வாங்கிப் போட்டுருவேன்.

ஒரே நாளில் வாங்கிப் போடாதீர்கள். ஒன்று முடிந்து அடுத்தது என்று வரும் வரிசை இது: பத்துக்குள் அளவைக் காட்டும் எண் கோல்கள், எண்ணின் வடிவத்தைத் தடவிப் பார்க்கும் சொரசொரப்பு எண்கள், சுழியத்தைக் காட்டும் குச்சிப் பெட்டி, ஒற்றை இரட்டையைக் காட்டும் 55 பட்டன்கள், பிறகு பத்து, நூறு, ஆயிரத்துக்கான, தங்க நிறத்தில் இருப்பதால் தங்க மணிகள் என்று சொல்லப்படும் மணிகள். இதற்குள் குறைந்தது ஓராண்டு ஓடிவிடும்.

வாங்கினாலும் செய்தாலும் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, அளவு துல்லியமாக இருக்க வேண்டும். இரண்டாவது, சாமான் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் காட்ட வேண்டும். எண்ணச் சொல்லிக் கொடுக்கும் பட்டன்கள் நாலு நிறத்தில் இருந்தால் குழந்தை நிறத்தைப் பார்க்கும், எண்ணிக்கையைப் பார்க்காது. மூன்றாவது, தப்பு நடந்தால் அதைச் சாமானே காட்டிக்கொடுக்க வேண்டும், நீங்கள் சொல்லும்படி இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் அட்டையில் செய்தாலும் அது மாண்டிசோரி சாமான்தான். இல்லாவிட்டால் தேக்கில் இழைத்து வாங்கினாலும் அது வெறும் பொம்மை.

எண் கோலை மரத்துலதான் செய்யோணுமா? சார்ட் அட்டையில வெட்டுனா ஆகாதுங்களா?

சார்ட் அட்டை வேண்டாம். ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டினால் ஒரு வாரத்தில் வளைந்துவிடும். கோல்கள் பத்து. முதல் கோல் 10 செ.மீ., அடுத்தது 20, இப்படியே பத்தாவது 100 செ.மீ. எல்லாம் சேர்த்து 550 செ.மீ., அதாவது 18 அடிக்குக் கொஞ்சம் கூட. ரம்பத்தில் போகிற தூளுக்கும் சேர்த்து ஓர் அங்குல ரீப்பராகப் பத்தொன்பது அடி கேளுங்கள். மரக்கடையில் மிச்சம் விழுந்த துண்டுகளே பெரும்பாலும் போதும், ஒவ்வொரு கோலும் ஒரே துண்டாக இருந்தால் சரி. ஆசாரியிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: முனை நேராக வெட்டுப்பட வேண்டும், அரை செ.மீ.கூடப் பிசகக் கூடாது. மரம் அமையாவிட்டால், ஒயரிங் வேலைக்குப் போடும் பிவிசி பட்டி நேராகவே நிற்கும், அதையும் வெட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பத்து செ.மீ.க்கும் சிவப்பு, நீலம் என மாறி மாறி வர வேண்டும். எல்லாக் கோலும் சிவப்பில்தான் தொடங்கும். பெயின்ட் அடிப்பதைவிட இன்சுலேஷன் டேப் சுற்றுவது சுலபம். பெயின்ட்தான் என்றால், வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று 2017 நவம்பரில் விதி வந்தது. அதற்கு முந்தைய பழைய டப்பாவையும், பட்டறையில் மெஷினுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டையும் இதற்குத் தொடாதீர்கள். அந்த விதி வீட்டுப் பெயின்டுக்கும் அலங்காரப் பெயின்டுக்கும் மட்டும்தான்.

கோல்கள் வந்ததும் ஒன்றைச் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் படிக்கட்டு மாதிரி அடுக்கி, பத்தாம் கோலை அப்படியே விட்டுவிட்டு, ஒன்பதின் முனையில் ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். எட்டின் முனையில் இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு. ஒவ்வொன்றும் பத்தின் நீளத்துக்குச் சரியாக வந்து நிற்கும். ஐந்துக்கு மட்டும் ஜோடி இருக்காது. குழந்தை ஐந்தைத் தூக்கிப் பத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன் முனையில் விரலை வைத்துக்கொண்டு, அங்கிருந்து மறுபடி ஒரு தடவை அதையே வைத்துப் பார்க்கும். அப்போதும் சரியாக வரும். கூட்டலும் பெருக்கலும் அந்த இடத்திலேயே ஆரம்பமாகிவிடுகின்றன, அந்தப் பெயர்களை நாம் இன்னும் சொல்லியிருக்கக்கூட மாட்டோம்.

கீழ விரிக்கிறதுக்குப் பவானி ஜமுக்காளம் இருக்குதுங்க. அது போதுமுங்களா?

உட்கார அருமையானது. ஆனால் கோல்களை அதன்மேல் பரப்பினால், ஜமுக்காளத்தின் பட்டைகளுக்குள் கோலின் சிவப்பும் நீலமும் காணாமல் போய்விடும். வேலைக்கு ஒரே நிறமாக, கோடு போடாத துணி ஒன்று விரியுங்கள். காடாத் துணி ஒன்றரை மீட்டர் போதும். வேலை முடிந்ததும் அதைச் சுருட்டி வைப்பது குழந்தையின் பொறுப்பு.

உப்புத்தாள்ல நம்பர் வெட்டி ஒட்டச் சொல்றீங்க. கொழந்தை வெரலைக் கீறிராதுங்களா?

நைசான உப்புத்தாள் எடுத்தால் கீறாது. இருக்கிறதிலேயே மெல்லியதைக் கேட்டு வாங்கி, உங்கள் உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். 0 முதல் 9 வரை வெட்டி, வழவழப்பான பலகையிலோ கெட்டி அட்டையிலோ ஒட்டுங்கள். சுட்டு விரலும் நடுவிரலும் சேர்த்து, எழுதுகிற போக்கிலேயே தடவ வேண்டும். பென்சில் பிடிக்கும் முன்பே கைக்கு எண் தெரிந்திருக்கும். தட்டில் கோலமாவைப் பரப்பி அதில் எழுதிப் பார்ப்பது அடுத்த படி.

சொல்லிக் கொடுக்கும் விதம் மூன்று படிகள். முதலில் தடவிக் காட்டி, "கண்ணு, இது மூணு." கொஞ்ச நேரம் கழித்து, "மூணு எங்கே இருக்கு, காட்டு சாமி." கடைசியில்தான், "இது எத்தனை?" என்று கேட்பது. நாம் வழக்கமாக எடுத்த எடுப்பில் மூன்றாவது கேள்விக்குப் போய்விடுகிறோம். இரண்டாவது படியிலேயே நாள் கணக்கில் நின்றாலும் பரவாயில்லை. எடுத்து வா, மறைத்து வை, ஜன்னல் ஓரம் கொண்டு போய் வை என்று அதிலேயே விளையாட்டு நிறைய இருக்கிறது.

எங்க ஆத்தா பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டையும் குன்றிமணியும் சேத்து வெச்சிருக்காங்க. அதையே எண்ணக் குடுக்கலாமுங்களா?

புளியங்கொட்டை தாராளமாகக் கொடுக்கலாம். குன்றிமணியை இன்றே எடுத்துக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முழுசாக விழுங்கினால் சில நேரம் ஒன்றும் ஆகாமல் வெளியே வந்துவிடும். ஆனால் கடித்து ஓடு உடைந்தால் உள்ளே இருக்கும் அப்ரின் கொடிய விஷம். ஆமணக்குக் கொட்டையும் அப்படியே, அதில் இருப்பது ரிசின். எண்ணுவதற்கு அழகாக, ஒரே அளவாக இருக்கிறது என்பதற்காக இரண்டையும் பயன்படுத்தவே கூடாது. குழந்தை கடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி மயக்கம் வருகிறதா என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விஷத்தின் அறிகுறி மணிக்கணக்கில் தாமதமாகவும் வரும்.

புளியங்கொட்டை, பட்டன், மணி எதுவானாலும், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் தொண்டையில் அடைக்கும் பயம் உண்டு. பெரிய பிள்ளை வேலை செய்யும்போது சின்னதை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். முடித்ததும் எண்ணி உள்ளே வைக்க வேண்டும். எண்ணி வைப்பதும் கணக்குத்தான்.

சைபர்னா ஒண்ணுமில்லைன்னு சொன்னா, புள்ள முழிக்குதுங்க. எப்படிப் புரிய வெக்கிறது?

சொல்லாமல் காட்டுவதற்குத்தான் குச்சிப் பெட்டி. பத்து அறை, 0 முதல் 9 வரை எழுதியிருக்கும், மொத்தம் 45 குச்சிகள். ஒன்றில் ஒன்று, இரண்டில் இரண்டு என்று ஒன்பது வரை போட்டால் 45-உம் தீர்ந்துவிடும். நடுவில் எங்கேயாவது எண்ணிக்கை தவறினால் கடைசி அறைக்குக் குச்சி போதாது, அல்லது மிஞ்சும். முன்பே சொன்ன மூன்றாவது விஷயம் இதுதான்: தப்பைக் காட்டிக்கொடுப்பது பெட்டி, அம்மா இல்லை. எல்லாம் போட்டு முடித்தபின் 0 எழுதிய அறையைக் காட்டி, "இதில் என்ன இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

முட்டை அட்டையில் பத்துக் குழியை வெட்டி எடுத்தால் பெட்டி தயார். குச்சிக்கு ஐஸ் குச்சி போதும். தறி இருக்கிற வீடு என்றால் நூல் சுற்றும் தார்க்குச்சியே ஒரே அளவில் கிடைக்கும், அதற்குச் செருப்புப் பெட்டியைத் தடுத்துக்கொள்ளுங்கள். சீமாற்றுக் குச்சியைப் பலரும் கேட்கிறார்கள். முனை கூராக இருப்பதால் எனக்கு அது பிடிக்கவில்லை.

தங்க மணி செட்டு விலையக் கேட்டாலே மலைப்பா இருக்குது. அது இல்லாம முடியாதுங்களா?

கணக்குச் சாமான்களிலேயே உயர்ந்தது என்று நான் நினைப்பது இதைத்தான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு மணி என்றால் ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய சதுரம் நூறு. பத்துச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கனசதுரம் ஆயிரம். நாலரை வயதுக் குழந்தை ஒரு கையில் ஒற்றை மணியையும் மறு கையில் ஆயிரத்தையும் பிடித்துப் பார்க்கும்போது, 1-க்கும் 1000-க்கும் உள்ள தூரம் கையில் கனமாகவே தெரிந்துவிடும். தாளில் பார்த்தால் அவை மூன்று பூஜ்யம் கூடிய எண்கள், அவ்வளவுதான்.

முழுவதையும் மணியில் செய்யத் தேவையில்லை. மணிக்கடையில் ஒரே அளவு, ஒரே நிறத்தில் 8 மி.மீ. மணி வாங்குங்கள். தனி மணி இருபது, பத்துக் கம்பி பத்து, நூறு சதுரம் ஒன்று. ஆக 220 மணிகள். கட்டுக் கம்பி துரு ஏறும், ஆகவே கவரிங் நகைக்குப் போடும் கம்பி நல்லது. முனையை வளைத்து உள்ளே மடக்கிவிட வேண்டும். இனி அந்த நூறு சதுரத்தை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போய்க் கண்ணாடிமேல் வைத்து, அளவைப் பெருக்காமல் சுருக்காமல் நகல் எடுங்கள். மணிகள் அதே அளவில் தாளில் விழும். ஒவ்வொன்றையும் அதே அளவு அட்டையில் ஒட்டுங்கள். அட்டையின் தடிமனும் ஒரு மணியின் தடிமன் இருக்கும்படி அடுக்கி ஒட்டுவது முக்கியம். அப்போதுதான் பத்துச் சதுரத்தை அடுக்கினால் 8 செ.மீ. உயரத்துக்குச் சரியான கனசதுரம் வரும். ஆறு பக்கமும் அதே நகலை ஒட்டிய 8 செ.மீ. அட்டைப் பெட்டி ஆயிரம். அதை வெறும் பெட்டியாக விடாமல் உள்ளே மணலோ கோதுமையோ நிரப்பிக் கனமாக்குங்கள். பத்துக் கம்பிகளும் கூடுதலாக வேண்டும், அவற்றையும் இதே விதமாக நகல் எடுத்துப் பட்டையாக வெட்டிக்கொள்ளலாம்.

அட்டைச் சதுரத்தை முதல் தடவை கொடுக்கும்போது, அசல் நூறை அதன்மேல் வைத்து இரண்டும் ஒன்றுதான் என்று குழந்தையே பார்க்கும்படி செய்யுங்கள். அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட்டால் அட்டை அதற்கு வெறும் படம்தான்.

அதுக்குப் பதிலா பத்து ரூபா, நூறு ரூபா நோட்டையே வெச்சுச் சொல்லிக் குடுத்தா என்னங்க?

பத்துப் பத்து ரூபாய் சேர்ந்தால் நூறு என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஆனால் நூறு ரூபாய் நோட்டு பத்து ரூபாய் நோட்டைப் போலப் பத்து மடங்கு பெரிசாகவா இருக்கிறது? அந்த மதிப்பு நாம் ஒத்துக்கொண்டதால் வந்தது, கண்ணுக்குத் தெரிவதில்லை. மணியில் அளவு கைக்குப் பட்ட பிறகு நோட்டைக் கொடுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு படியும் இருக்கிறது: 1 என்று பச்சையில், 10 என்று நீலத்தில், 100 என்று சிவப்பில், 1000 என்று மறுபடி பச்சையில் எழுதிய சின்னச் சதுரத் துண்டுகள். மணியைவிட மலிவு, தாளில் போடும் கணக்குக்கு ஒரு படி கிட்டவும் இருக்கும்.

பாப்பா இங்கிலீஷ் மீடியமுங்க. வீட்டுல தமிழ்ல எண்ணுனா கொழம்பிக்காதுங்களா?

தமிழில் தொடங்குவது பெரிய உதவி. பதினொன்று, பதின்மூன்று, இருபத்தைந்து என்று நம் எண்ணுப் பெயர் பத்தை முதலில் சொல்லி, பிறகு ஒன்றைச் சொல்கிறது. பத்துக் கம்பி ஒன்றை வைத்து, பக்கத்தில் மூன்று மணியை வைத்தால், பார்ப்பதையே வாயும் சொல்லும். இங்கிலீஷில் லெவன், ட்வெல்வ் இரண்டும் பத்தைக் காட்டாது. தர்ட்டீன், ஃபோர்ட்டீனில் மூன்றும் நாலும் முன்னால் வருவதால், 13-ஐ 31 என்று எழுதும் பிள்ளைகள் நிறைய. அளவை முதலில் தமிழில் புரிந்துகொண்ட பிள்ளைக்கு இங்கிலீஷ் பெயர் ஒரு பெயர் மட்டும்தான், மூன்று படிப் பாடத்திலேயே வந்துவிடும்.

தமிழிலும் இடறும் இடம் உண்டு, தொண்ணூறும் தொள்ளாயிரமும். ஒன்பது பத்துக் கம்பியை எண்ணிவிட்டுக் குழந்தை "ஒன்பது பத்து" என்று சொன்னால் அது தப்பு இல்லை, நன்றாகப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். "ஆமா தங்கம், அதுக்குப் பேரு தொண்ணூறு" என்று சொல்லிவிடுங்கள்.

கடன் வாங்கிக் கழிக்கிறதுலதான் எங்க பையன் அழுகறான்.

"கடன்" என்ற பேச்சை விட்டுவிட்டு, மாற்றுவது என்று சொல்லுங்கள். ஓர் ஓரத்தில் தட்டு நிறைய மணி, கம்பி, சதுரம் வைத்து அதை பேங்க் என்று வையுங்கள். 432-லிருந்து 158-ஐ எடுக்க வேண்டும். பையனுக்கு முன்னால் நாலு சதுரம், மூன்று கம்பி, இரண்டு மணி. எட்டு மணி எடுக்க வேண்டும், இருப்பது இரண்டு. ஒரு கம்பியை பேங்க்கில் கொடுத்துப் பத்து மணி வாங்கி வருகிறான். இப்போது 12, அதில் எட்டை எடுத்தால் நாலு. கம்பி இரண்டுதான் மிச்சம், ஐந்து எடுக்க வேண்டும். ஒரு சதுரத்தைக் கொடுத்துப் பத்துக் கம்பி வாங்கினால் 12, ஐந்து போக ஏழு. சதுரம் மூன்றில் ஒன்று போக இரண்டு. விடை 274. பிறகு எடுத்த 158-ஐ மறுபடி சேர்த்துப் பார்த்தால் 432 வந்துவிடும், சரி பார்க்க யாரும் வேண்டாம்.

பேங்க்குக்கு எழுந்து நடந்து போய் மாற்றி வர வேண்டும், பக்கத்திலேயே வைக்காதீர்கள். நடந்து போய் மாற்றியது மறக்காது. இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்தபின், நோட்டில் 3-ஐ அடித்து 2 என்று எழுதும்போது அது எதற்காக என்று அவனே சொல்வான்.

வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டாங்கறீங்களா? எங்க அப்பாரு "நாங்கெல்லாம் பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாச் சொல்வோம்"ங்கறாரு.

அப்பாரு சொல்வது சரிதான், வாய்ப்பாடு மனதில் இருக்கத்தான் வேண்டும். மனப்பாடம் எப்போது என்பதுதான் கேள்வி. ஏழெட்டு 56 என்பது ஏழு ஏழாக எட்டு வரிசை என்று கண்ணால் பார்த்த பிறகு மனப்பாடம் செய்தால் மறந்தாலும் திரும்ப எடுத்துவிடலாம்.

இதற்கு நாமக்கல் முட்டை அட்டையைவிடச் சுலபமான சாமானை நான் பார்த்ததில்லை. ஓர் அட்டையில் ஐந்துக்கு ஆறு, 30 குழி. நாலு அட்டையை ஒட்டினால் பத்துக்குப் பன்னிரண்டு. இரண்டு வரிசையைத் தாள் ஒட்டி மூடிவிட்டால் பத்துக்குப் பத்துப் பெருக்கல் பலகை. 7 × 8 என்றால் ஒரு வரிசைக்கு ஏழு புளியங்கொட்டையாக எட்டு வரிசை. அட்டையை அப்படியே பக்கவாட்டில் திருப்பி வைத்தால் 8 × 7. கொட்டை ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. இரண்டுக்கும் விடை ஒன்று என்று தெரிந்த கணத்திலேயே மனப்பாடம் செய்ய வேண்டியது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஒப்பிப்பதை அப்பாருவிடமே விட்டுவிடுங்கள், சாயங்காலம் திண்ணையில் அவரும் பேரனும் சேர்ந்து சொல்லட்டும்.

பின்னத்துக்கு தோசைய வெட்டிக் காட்டுனாப் போதாதுங்களா?

சாப்பிடும்போது காட்டலாம், சாமானாக வேண்டாம். தோசையில் நாலு துண்டும் சமமாக வராது, சமம் என்பதுதான் பின்னத்தின் உயிர். கெட்டி அட்டையில் ஒரே அளவு வட்டங்கள் வெட்டி, ஒன்றை முழுசாக, ஒன்றை இரண்டாக, ஒன்றை நாலாக, ஒன்றை எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பரணில் பழைய படியும் உழக்கும் ஆழாக்கும் கிடந்தால் இறக்கிக் கழுவிக் கொடுங்கள். நாலு உழக்கு ஒரு படி, எட்டு ஆழாக்கு ஒரு படி. கம்பு அளந்து ஊற்றும் பிள்ளைக்குக் காலும் அரைக்காலும் கையில் வரும்.

அபாகஸ் கிளாஸ்ல சேத்துட்டோமுங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

இல்லை. அபாகஸில் ஒரே மணி நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒன்றாகவும் பத்தாகவும் நூறாகவும் ஆகிறது. வேகத்துக்கு நல்லது. ஆனால் பத்து என்றால் எவ்வளவு என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அது பொருந்தும். தங்க மணி முடிந்த பிறகு சேர்த்திருக்கலாம். இப்போதே சேர்த்துவிட்டீர்கள் என்றால், வீட்டில் மணியைத் தொடருங்கள்.

எல்கேஜியிலயே நூறு வரைக்கும் எழுதச் சொல்றாங்க. வீட்டுல நீங்க சொல்றபடி போனா பின்னால விழுந்துருவாளோன்னு பயமா இருக்குது.

பள்ளி கேட்பதை எழுதட்டும், அதோடு சண்டை வேண்டாம். ஆனால் அந்த எழுத்தையே வீட்டிலும் இன்னொரு முறை எழுத வைக்காதீர்கள். அவள் 47 என்று எழுதியிருந்தால், நாலு கம்பியும் ஏழு மணியும் எடுத்து வரச் சொல்லுங்கள். பத்து எண்ணுக்கு இப்படிச் செய்தால் ஒரு பக்கம் எழுதுவதைவிட மேல். ஆசிரியரிடம் மரியாதையாக, வீட்டில் இப்படிச் செய்கிறோம் என்று சொல்லி வையுங்கள். பெரும்பாலானவர்கள் ஆர்வமாகவே கேட்பார்கள்.

எங்க பையன் கவர்மெண்ட் ஸ்கூலுங்க. அங்கயும் அட்டை, குச்சின்னு வெளையாட்டாத்தான் போகுது. வீட்டுல வேறயா?

அது விளையாட்டு இல்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பொருட்களையும் செயல்பாடுகளையும் வைத்துத்தான் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நோக்கம் ஒன்றுதான். வகுப்பில் ஒரு சாமானைப் பல பிள்ளைகள் பகிர வேண்டும், வீட்டில் அவனுக்கு மட்டும் கிடைக்கும். பள்ளியில் என்ன செய்தான் என்று கேட்டு, அதையே வீட்டுச் சாமானில் செய்யச் சொல்லுங்கள்.

நான் கம்பெனிக்கு, அவங்க தறிக்கு. உக்காந்து சொல்லிக் குடுக்க நேரமே இல்லீங்களே.

தினமும் இருபது நிமிடம் போதும், அதுவும் முழுசாக நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. புதிய சாமானை அறிமுகப்படுத்தும் நாள் மட்டும் கூட உட்காருங்கள், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம். மற்ற நாளில் குழந்தைக்கு எட்டும் உயரத்தில், ஒரு தட்டுக்கு ஒரு சாமானாக நாலு தட்டு வைத்திருந்தால் தானே எடுத்துச் செய்து தானே வைத்துவிடும். வீட்டிலிருக்கும் அம்மிச்சியிடமோ ஆத்தாவிடமோ ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: வேலையில் மூழ்கியிருக்கும்போது கூப்பிட வேண்டாம், பாராட்டவும் வேண்டாம்.

தப்பாச் செஞ்சாத் திருத்தவே கூடாதுங்களா? பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலைங்க.

குச்சிப் பெட்டியில் சொன்னதுதான். சாமான் காட்டிக்கொடுக்கும் தப்பை நீங்கள் சொல்லாதீர்கள். நாளைக்கும் அதே தப்பு, மறுநாளும் அதே தப்பு என்றால், அது கவனக்குறைவு இல்லை, முந்தைய படி பலமாகவில்லை. தப்பைப் பேசாமல், நல்ல நேரம் பார்த்து முந்தைய சாமானை மறுபடி எடுத்துக் காட்டுங்கள். சாமானை எறிவது, உடைப்பது வேறு. அப்போது அமைதியாக எடுத்து உள்ளே வைத்துவிட்டு, வேறு நாள் கொடுக்கலாம்.

பச்சை, நீலம், சிவப்புன்னு நெறம் வருதுங்களே, லட்சத்துக்கு வந்தா என்ன நெறமுங்க? நாம கமா போடற எடமும் அதுவும் ஒத்து வரலையே?

கூர்மையான கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். ஒன்று பச்சை, பத்து நீலம், நூறு சிவப்பு. ஆயிரத்தில் மறுபடி பச்சை தொடங்கும். மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்துக் கமா போடும் மேற்கத்திய முறைக்கு ஏற்ற ஏற்பாடு அது. அங்கே பத்தாயிரம் நீலம், நூறாயிரம் சிவப்பு, மில்லியன் மறுபடி பச்சை. நாம் ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரிக்கிறோம்: 1,00,000 லட்சம், 1,00,00,000 கோடி.

99,999 வரை எந்தச் சிக்கலும் இல்லை, வீட்டில் செய்யும் வேலை பெரும்பாலும் அதற்குள்தான். அதற்கு மேல் போகும் பிள்ளைக்கு நான் இப்படி மாற்றிச் செய்யச் சொல்வேன். முதல் மூன்று இலக்கம் பச்சை, நீலம், சிவப்பு. ஆயிரம் பச்சை, பத்தாயிரம் நீலம், அத்தோடு நின்று, லட்சம் மறுபடி பச்சை, பத்து லட்சம் நீலம், கோடி பச்சை. ஆயிரத்திலிருந்து ஒவ்வொரு பச்சைக்கும் வலப்பக்கத்தில் ஒரு கமா விழும், பிள்ளையே அதைக் கண்டுபிடிக்கும். கடையில் வாங்கிய செட்டில் பெரிய எண் அட்டைகள் மூன்று நிறச் சுழற்சியில் அச்சாகியிருந்தால் பத்தாயிரம் வரை மட்டும் பயன்படுத்துங்கள். லட்சத்திலிருந்து மேலான அட்டைகளை ஸ்கெட்ச் பேனாவில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளியில் மில்லியன் பாடம் வரும்போது அந்த அட்டைகளையும் வெளியே எடுத்து, ஒரே எண்ணை இரண்டு விதமாகவும் கமா போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம்.